ஒரே சாயலில் ஒட்டுண்ணி ஈக்கள்: வயலில் நண்பன், பட்டுப்புழு மனையில் எதிரி!

செல்போன் படத்தில் எதைக் கண்டுபிடிக்கலாம், எதைக் கண்டுபிடிக்க முடியாது?

இலை மேல் ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது. சாம்பல் நிறம், முதுகில் கறுப்புக் கோடு, சிவந்த கண். அதைச் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘இது என்ன ஈ? என்ன மருந்து அடிக்கலாம்?’ என்று கேட்பது இப்போது ஊருக்கு ஊர் வழக்கமாகிவிட்டது. பதில்களும் உடனே வந்து விழும். ‘வீட்டு ஈதான், விடுங்க’ என்பார் ஒருவர். ‘ஊஜி ஈ மாதிரி இருக்கு, பட்டுப்புழுவை அழிச்சிடும்’ என்பார் அடுத்தவர். ‘நன்மை செய்யும் பூச்சி, மருந்தடிக்காதீங்க’ என்பார் மூன்றாமவர்.

மூன்று பேர் சொல்வதற்கும் ஏற்ற ஈக்கள் இருக்கின்றன. மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கின்றன என்பதுதான் சிக்கல். தவறான பதிலை நம்பினால் செலவு விவசாயியின் தலையில்தான் விழும். மக்காச்சோளத்தில் படைப்புழுவைக் கொல்ல வந்த ஈயைப் பார்த்து மருந்தடித்தால், கூலி, மருந்து, நண்பன் மூன்றும் போய்விடும். பட்டுப்புழு மனைக்குள் புழுவைக் கொல்ல வந்த ஈயை ‘வெறும் ஈ’ என்று விட்டுவிட்டால் கூடு போய்விடும்.

யார் இந்த ஒட்டுண்ணி ஈக்கள்?

ஈக்களில் ‘டாக்கினிட்’ என்று ஒரு பெரிய குடும்பம் உண்டு. உலகம் முழுக்க 8,500-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் பிறக்கும் புழுக்கள் வேறு பூச்சிகளின் உடலுக்குள் வளர்கின்றன. பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் புழுக்கள்தான் இவற்றுக்கு இரை. சில இனங்கள் வண்டு, நாவாய்ப்பூச்சி, வெட்டுக்கிளி ஆகியவற்றிலும் வளரும். உள்ளே இருந்து சாப்பிட்டு வளர்ந்து, கடைசியில் அந்தப் பூச்சியைக் கொன்றுவிட்டு வெளியே வரும்.

வளர்ந்த ஈ யாரையும் கடிக்காது. பூந்தேன், இலையில் ஒட்டியிருக்கும் தேன்கசிவு ஆகியவைதான் அதன் சாப்பாடு. கொத்தமல்லி, வெந்தயம், சூரியகாந்தி என்று பூ இருக்கும் இடங்களில் காலை நேரத்தில் இவற்றைப் பார்க்கலாம்.

முட்டை வைக்கும் முறையும் இனத்துக்கு இனம் மாறும். சில ஈக்கள் புழுவின் தோல் மீதே வெள்ளை முட்டையை ஒட்டிவைக்கும். சில, தூசி அளவு முட்டைகளை இலையில் வைத்துவிட்டுப் போகும். இலையோடு சேர்த்துப் புழு அதை விழுங்கும். இன்னும் சில, முட்டைக்குப் பதிலாகக் குட்டிப் புழுவையே போட்டுவிடும். கரும்பு இளங்குருத்துப் புழுவைத் தாக்கும் ‘ஸ்டர்மியாப்சிஸ்’ ஈ இந்த வகை. குருத்தைத் துளைத்த ஓட்டையின் வாயில், எச்சத்துக்குப் பக்கத்தில் குட்டிகளைப் போடும். அவை ஊர்ந்து உள்ளே போய்த் துளைப்பானைக் கண்டுபிடித்துவிடும்.

பேரினம் ஒன்று... வேலை எதிரெதிர்!

பட்டு விவசாயிகளுக்கு ஊஜி ஈயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஊசி ஈ என்றும் சொல்வார்கள். ‘ஊஜி’ என்பது ஜப்பானிய மொழியில் புழுவைக் குறிக்கும் சொல். மேற்கு வங்கத்தில் நெடுங்காலமாக இருந்த இந்த ஈ, 1980-ல் பட்டுக்கூடுகளோடு சேர்ந்து கர்நாடகாவுக்கு வந்தது. பிறகு தமிழ்நாடு, ஆந்திரா என்று பட்டு வளர்க்கும் பகுதிகளுக்கெல்லாம் பரவிவிட்டது.

இதன் பேரினத்தின் பெயர் ‘எக்சோரிஸ்டா’. இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு ஈக்கள், மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவிலும், துவரை, கொண்டைக்கடலை, பருத்தியைத் தாக்கும் பச்சைக் காய்ப்புழுவிலும் முட்டை வைக்கின்றன. பங்காளிகள் போலத்தான். உருவம், நிறம், முதுகுக்கோடு எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஒருவர் வயலைக் காக்கிறார், மற்றவர் பட்டு மனையில் திருடுகிறார்.

இவற்றை இனம் வாரியாகப் பிரிக்க, பூச்சியியல் நிபுணர்கள் ஆண் ஈயின் வயிற்று நுனி உறுப்பைப் பிரித்தெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அது செல்போன் படத்தில் தெரியாது. ஆகவே, படத்தை மட்டும் பார்த்துவிட்டு யாராவது முழு இனப்பெயரையும் அடித்துச் சொன்னால், கொஞ்சம் நிதானமாக இருப்பது நல்லது. செல்போன் செயலிகள் சொல்லும் பெயருக்கும் இது பொருந்தும்.

ஆனால் விவசாயிக்கு இனப்பெயர் தேவைப்படுவது அபூர்வம். மருந்தடிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. அதற்கு ஈ எந்தக் குடும்பம், முட்டை யார் உடம்பில் இருக்கிறது என்ற இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். இந்த இரண்டையும் நல்ல படங்களில் பார்த்துவிடலாம்.

படத்தில் பார்க்க வேண்டிய அடையாளங்கள்

முதலில் இறக்கையை எண்ணுங்கள். ஈக்கு ஒரு ஜோடிதான். இரண்டு ஜோடி இருந்தால் அது குளவி அல்லது தேனீ. ஈ என்று உறுதியான பிறகு கீழே உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

வீட்டு ஈ: 6 முதல் 7 மில்லிமீட்டர் இருக்கும். முதுகில் நான்கு கறுப்புக் கோடுகள். வயிற்றின் ஓரம் மஞ்சளாகத் தெரியும். வயிற்றில் முரட்டு முடிகள் இருக்காது, மழமழவென்று இருக்கும்.

சதை ஈ: வீட்டு ஈயைவிடப் பெரியது. முதுகில் மூன்று கோடுகள். வயிற்றில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளியும் மாறிமாறித் தெரியும். வெளிச்சம் விழும் பக்கத்தைப் பொறுத்து கட்டங்கள் இடம் மாறுவது போலத் தோன்றும். செத்த பூச்சி, அழுகிய இறைச்சி, மலம் இருக்கும் இடத்தில் சுற்றும்.

பச்சை ஈ, நீல ஈ: உடம்பு முழுக்க உலோகம் போலப் பளபளக்கும். இதைப் பிரிப்பது சுலபம். ஆனால் பளபளப்பான டாக்கினிட் ஈக்களும் சில உண்டு என்பதால், வயிற்று முடியையும் பார்த்துவிட வேண்டும்.

மிதவை ஈ: மஞ்சள், கறுப்புப் பட்டைகளோடு குளவி போல இருக்கும். ஒரே இடத்தில் காற்றில் நின்றபடி பறக்கும். இதன் பல இனங்களின் புழுக்கள் அசுவினியைத் தின்னும். நண்பர்தான்.

டாக்கினிட் ஒட்டுண்ணி ஈ: வயிற்றின் மேலும், குறிப்பாகப் பின் நுனியிலும், முள் போல விறைத்த முரட்டு முடிகள் நிற்கும். இதுதான் முதல் அடையாளம். இரண்டாவது அடையாளம் பக்கவாட்டுப் படத்தில் மட்டும்தான் தெரியும். மார்பின் பின்பகுதியில் முக்கோணக் கேடயம் போன்ற ஒரு தகடு இருக்கும். அதற்குக் கீழே, வயிறு தொடங்கும் இடத்துக்கு மேலே, சிறு திமில் போன்ற புடைப்பு இருந்தால் அது டாக்கினிட். வீட்டு ஈக்கும் சதை ஈக்கும் அந்தப் புடைப்பு இருக்காது.

ஊஜி ஈ: முதுகில் நான்கு கோடுகள். கோட்டை மட்டும் எண்ணினால் வீட்டு ஈ என்றே நினைக்கத் தோன்றும். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஊஜி ஈ 10 முதல் 12 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வயிறு கூம்பு போல ஒடுங்கி, முரட்டு முடியோடு இருக்கும். அளவையும் முடியையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டு ஈயோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வயலில் இருக்கும் மற்ற எக்சோரிஸ்டா ஈக்களிலிருந்து படத்தில் பிரிக்க முடியாது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. செத்துக் கிடக்கும் புழு மேல் ஈ உட்கார்ந்திருந்தால், அந்த ஈதான் புழுவைக் கொன்றது என்று முடிவுகட்டக் கூடாது. செத்த பிறகு மொய்க்க வரும் சதை ஈயாகவும் இருக்கலாம். உயிரோடு இருக்கும் புழுவைச் சுற்றிவரும் ஈதான் கவனிக்க வேண்டியது.

ஈயைவிடப் புழுவைப் படம் எடுங்கள்

ஈ பறந்துவிடும். முட்டை ஒட்டிய புழு அங்கேயேதான் இருக்கும். ஆகவே ஈயைத் துரத்துவதைவிட, செடியில் இருக்கும் புழுக்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது பலன் தரும்.

புழுவின் தோலில், பெரும்பாலும் தலைக்குப் பின்னால் உள்ள கண்டங்களில், குண்டூசித் தலை அளவில் வெள்ளையாக, நீள்வட்டமாக ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் அது டாக்கினிட் முட்டை. விரலால் தேய்த்தாலும் லேசில் வராது.

இதோடு குழப்பிக்கொள்வது குளவிக்கூடுகளை. சில குட்டிக் குளவிகளின் புழுக்கள், பயிர்ப்புழுவின் உடம்பைவிட்டு வெளியே வந்து, அதன் மேலோ பக்கத்திலோ பஞ்சு போன்ற வெள்ளைக்கூடு கட்டும். அரிசி மணிகளைக் கொட்டி வைத்தது போல இருக்கும். அது முட்டையல்ல, உள்ளே குளவிகள் வளர்கின்றன. அதுவும் நண்பர்தான். புழு முட்டை சுமக்கிறது என்று நினைத்து நசுக்கிவிட வேண்டாம்.

முட்டை ஒட்டியிருந்தாலே புழு செத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. முட்டை பொரிவதற்குள் புழு தோல் உரித்தால், தோலோடு முட்டையும் கழன்று போய்விடும். முட்டை பொரிந்து குட்டி உள்ளே நுழைந்த இடத்தில் சிறு கறுப்புத் தழும்பு தெரியும். பட்டுப்புழுவில் இந்தத் தழும்புதான் ஊஜி ஈ தாக்கியதற்கு முக்கியச் சாட்சி.

படம் எடுப்பது எப்படி?

வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, வேளாண் அலுவலருக்கோ அனுப்புவதற்கு ஒரே படம் போதாது. கீழே உள்ள வரிசையில் எடுத்தால் பதில் சொல்பவருக்கும் சுலபம்.

1. விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்பு எடுங்கள். குளிரில் ஈ மந்தமாக இருக்கும், உடனே பறக்காது.

2. மேலிருந்து ஒரு படம். முதுகுக்கோடு எண்ணும்படி இருக்க வேண்டும்.

3. பக்கவாட்டில் ஒரு படம். செல்போனை ஈ இருக்கும் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். திமில் போன்ற புடைப்பும் வயிற்று முடியும் இதில்தான் தெரியும். பெரும்பாலான படங்களில் இல்லாமல் போவது இந்தக் கோணம்தான்.

4. அளவு தெரிய, பக்கத்தில் நெல்மணியோ, ஒரு ரூபாய் நாணயமோ வைத்து ஒரு படம்.

5. அதே செடியில் உள்ள புழு, அதன் தலைப்பக்கம், முட்டையோ தழும்போ இருக்கும் இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம்.

6. பயிர், அதன் வயது, ஊர், தேதி, கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தது, அரை கிலோமீட்டர் சுற்றளவில் பட்டு மனை இருக்கிறதா என்ற விவரத்தையும் எழுதி அனுப்புங்கள்.

செல்போனில் ஜூம் செய்வதைவிட, கிட்டே போய் எடுப்பது நல்லது. கிட்டே போனால் மங்குகிறது என்றால், லென்ஸுக்கு முன்னால் ஒரு சிறு பூதக்கண்ணாடியைப் பிடித்து எடுத்துப் பாருங்கள். முடி எண்ணும் அளவுக்குத் தெளிவு கிடைக்கும்.

இனம் தெரிந்தே ஆக வேண்டிய சூழ்நிலையும் சில நேரம் வரும். அப்போது ஈயை நசுக்காமல் பிடித்து, சிறு பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால் முழுதாகக் கிடைக்கும். அதை மெல்லிய தாளில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்து, பிடித்த தேதி, இடம், பயிர் எழுதி வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுக்கலாம். செல்லோ டேப்பில் ஒட்ட வேண்டாம், முடியெல்லாம் உதிர்ந்துவிடும். பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இப்படிப்பட்ட மாதிரிகளை இனம் பிரித்துச் சொல்லும் மத்திய அரசு நிறுவனம்.

செலவில்லாத பாட்டில் சோதனை

படம் சொல்லாததை ஒரு பிளாஸ்டிக் டப்பா சொல்லிவிடும். வயலில் அங்கங்கே இருந்து, கொஞ்சம் வளர்ந்த புழுக்களாக 20 எடுத்து வாருங்கள். படைப்புழு ஒன்றையொன்று தின்னும் என்பதால் தனித்தனி டப்பாவில் விட வேண்டும். தினமும் புது இலை போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நிழலில் வையுங்கள். அடியில் கொஞ்சம் ஈர மண் இருக்கட்டும்.

சில நாளில் புழு சோர்ந்து, அதன் உடம்பைத் துளைத்துக்கொண்டு காலில்லாத வெண்மஞ்சள் புழு வெளியே வரும். அது மண்ணுக்குள் போய், பழுப்பு நிறத்தில் சிறு பீப்பாய் போன்ற கூட்டுப்புழுவாக மாறும். வெளியே வருவது ஈயா, குளவியா என்பது ஒன்றிரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். 20-ல் எத்தனை புழுக்கள் இப்படிச் செத்தன என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்தாறு புழுக்களில் வந்திருந்தால், உங்கள் வயலில் சம்பளம் வாங்காத ஆட்கள் நன்றாகவே வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம்.

மக்காச்சோளம், துவரை, கரும்பில் என்ன செய்யலாம்?

வயலில் டாக்கினிட் ஈ தெரிகிறது, முட்டை ஒட்டிய புழுக்களும் கிடைக்கின்றன என்றால், முதலில் செய்ய வேண்டியது, கை தெளிப்பானை எடுக்காமல் இருப்பது. எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்துகள் புழுவுக்கு முன்பே ஈயைக் கொன்றுவிடும். இலைக்குருத்துக்குள்ளும் காய்க்குள்ளும் ஒளிந்திருக்கும் புழு தப்பித்துவிடும். வெளியே பறக்கும் ஈக்கு ஒளிய இடமில்லை.

அதே நேரம், ஈயை நம்பிப் பயிரைக் கைவிடவும் கூடாது. ஈ முட்டை வைத்த புழு உடனே சாவதில்லை. சில நாள்கள் தின்றுகொண்டுதான் இருக்கும். இந்த ஈக்களால் கிடைக்கும் முழுப் பலன், அடுத்த தலைமுறைப் புழுக்கள் குறைவதில்தான் தெரியும். சேதம் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால், வேளாண் அலுவலரிடம் கேட்டு, நன்மை செய்யும் பூச்சிகளுக்குப் பாதிப்பு குறைவான முறையைத் தேர்ந்தெடுக்கலாம். மாலை நேரத்தில், தாக்குதல் இருக்கும் இடத்தில் மட்டும் தெளிப்பது இழப்பைக் குறைக்கும்.

கரும்பில் இந்த ஈயையே வாங்கி விடும் முறை இருக்கிறது. இளங்குருத்துப் புழுவைக் கட்டுப்படுத்த, ஏக்கருக்கு 125 சினை ஸ்டர்மியாப்சிஸ் ஈக்களை விடலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஈ விட்ட வயலில் ‘சாம்பல் நிற ஈ நிறைய சுத்துது’ என்று பயந்து மருந்தடித்தால், கொடுத்த காசை நாமே கொளுத்தியது போலாகும்.

வரப்பில் சூரியகாந்தி, கொத்தமல்லி, தட்டைப்பயறு போட்டு வைத்தால் இந்த ஈக்களுக்குத் தேன் கிடைக்கும், வயலைவிட்டுப் போகாது.

பட்டு மனையில் என்ன செய்யலாம்?

பட்டு மனைக்குள் கணக்கு வேறு. அங்கே முட்டை ஒட்டியிருப்பது வளர்க்கும் புழுவின் உடம்பில். அதனால் இனம் பிரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வயிற்றில் முரட்டு முடியுள்ள சாம்பல் நிற ஈ எது உள்ளே வந்தாலும் எதிரி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊஜி ஈ ஒரு புழுவில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு முட்டைதான் வைக்கும். ஆனால் ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடக்கூடியது. முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். ஒரு வாரம் போலப் பட்டுப்புழுவுக்குள் இருந்து தின்னும். சீக்கிரம் தாக்கப்பட்ட புழு, கூடு கட்டும் முன்பே செத்துவிடும். கடைசி நேரத்தில் தாக்கப்பட்ட புழு கூடு கட்டிவிடும், ஆனால் ஈயின் புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது. சந்தையில் கழிவுதான்.

செய்ய வேண்டியவை:

ஜன்னல், கதவு, காற்று வழி எல்லாவற்றுக்கும் நைலான் வலை அடியுங்கள். வாசலில் இரட்டைக் கதவு போல ஒரு சிறு முன்னறை இருந்தால் ஆளோடு ஆளாக ஈ நுழைவது குறையும்.

மூன்றாம் பருவத்திலிருந்து தினமும் புழுக்களைப் பாருங்கள். முட்டையோ, கறுப்புத் தழும்போ இருக்கும் புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

ஊஜி பொறி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் உள்ளேயும் வெளியேயும் வைத்தால் ஈக்கள் வந்து விழும்.

தரை, சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். ஈயின் புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறுவது அங்கேதான். கூடு குவித்து வைத்த இடத்திலும், சாக்கின் அடியிலும் தேடிப் பொறுக்குங்கள்.

ஊஜி ஈக்கும் ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. ‘நெசோலின்க்ஸ் தைமஸ்’ என்ற குட்டிக் குளவி, ஊஜி ஈயின் கூட்டுப்புழுவைத் துளைத்து முட்டை வைத்துவிடும். திருடனுக்குத் திருடன்! பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் கேட்டால் இது கிடைக்கும் இடத்தையும், எப்போது எவ்வளவு விட வேண்டும் என்பதையும் சொல்வார்கள். கூடு அறுவடைக்குப் பிறகு, குளவிப் பையைப் பட்டுக்கழிவு கொட்டும் எருக்குழி ஓரம் மாற்றி வைத்தால் அங்கே தப்பிய ஈக்களையும் பிடிக்கும்.

மக்காச்சோளமும் மல்பெரியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். ஊஜி ஈக்குப் பயந்து மக்காச்சோளத்தில் மருந்தடிப்பது பலன் தராது. மருந்துச் சாரல் காற்றில் மல்பெரி இலைக்குப் போனால், ஈ கொல்வதைவிட அதிகப் பட்டுப்புழுக்களை அந்த இலையே கொன்றுவிடும். ஊஜி ஈயைத் தடுக்கும் இடம் மனையின் வாசல்தான், பக்கத்து வயல் அல்ல.

ஈயை நம்பியவர்களின் இரண்டு கதைகள்

பிஜித் தீவில் 1920-களில் ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழுக்கள் தென்னை மட்டைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தன. 1925-ல் மலாயாவிலிருந்து ஒரு டாக்கினிட் ஈயைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். குறுகிய காலத்திலேயே அந்தப் புழு அடங்கிவிட்டது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி முடிந்தது. காட்டு மரங்களை மொட்டையாக்கிய ஓர் அந்துப்பூச்சியை ஒழிக்க, 1906-ல் ஐரோப்பாவிலிருந்து ஒரு டாக்கினிட் ஈயைக் கொண்டுவந்தார்கள். அது குறித்த பூச்சியோடு நிற்கவில்லை. 180-க்கும் அதிகமான வகைப் பூச்சிகளைத் தாக்கியது. அந்த நாட்டின் அழகான காட்டுப் பட்டுப்பூச்சிகள் குறைந்துபோனதற்கு இந்த ஈயும் ஒரு காரணம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஒரே குடும்பத்து ஈக்கள்தான். எந்த ஈ எந்தப் புழுவைத் தாக்கும் என்பதைப் பார்க்காமல் நண்பன், எதிரி என்று முத்திரை குத்த முடியாது.

வாசகர் கேள்விகள்

‘மாட்டுக் கொட்டகையில் சுற்றும் ஈயும் இதுவும் ஒன்றா? மாட்டுப் புண்ணில் புழு வைப்பது இந்த ஈயா?’

இல்லை. மாடு, ஆட்டின் புண்ணில் புழு வைப்பது பளபளக்கும் நீல, பச்சை ஈக்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. டாக்கினிட் ஈக்கள் பூச்சிகளில்தான் வளரும். கால்நடைக்கும் மனிதருக்கும் தொல்லை தராது. புண்ணில் புழு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘பட்டுப்புழு உடம்பில் கறுப்புப் புள்ளிகள் நிறைய இருக்கின்றன. எல்லாம் ஊஜி ஈ கடித்ததா?’

ஊஜி ஈ நுழைந்த தழும்பு ஒரு புழுவில் ஒன்று அல்லது இரண்டு இடத்தில் தனியாகத் தெரியும். மிளகுத்தூள் தூவியது போல உடம்பு முழுக்கப் புள்ளி இருந்தால் பெப்ரைன் நோயாக இருக்கலாம். அது மிக ஆபத்தானது. படம் அனுப்பிக் காத்திருக்காமல், புழுக்களை எடுத்துக்கொண்டு உடனே பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்துக்குப் போங்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

‘காய்கறித் தோட்டத்தில் இந்த ஈக்கள் நிறைய வருகின்றன. காயைத் துளைக்குமா?’

துளைக்காது. பாகல், புடல், மா, கொய்யாவைத் துளைப்பது பழ ஈ. அது மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், குளவிச் சாயலில், இறக்கையை விரித்தபடி காயின் மேல் நடக்கும். சாம்பல் நிற முரட்டு முடி ஈ, உங்கள் காயைத் தேடி வரவில்லை. காயைத் தின்னும் புழுவைத் தேடி வந்திருக்கிறது.

‘முட்டை ஒட்டிய புழுவைக் கையால் பொறுக்கும்போது என்ன செய்வது?’

வயல் பயிராக இருந்தால், முட்டை ஒட்டிய புழுக்களை மட்டும் தனி டப்பாவில் போட்டு, இலை கொடுத்து வளருங்கள். டப்பா வாயை, ஈ மட்டும் வெளியேறும் அளவு கண்ணுள்ள வலையால் மூடி வயல் ஓரமாக, எறும்பு ஏறாத இடத்தில் வையுங்கள். புழு உள்ளேயே செத்துவிடும், ஈ பறந்து வயலுக்குத் திரும்பும். பட்டுப்புழுவாக இருந்தால் இரக்கம் பார்க்க வேண்டாம், சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.